காதுகுத்துக்கு எடுத்த பட்டு வேட்டி

பூவரசனுக்கு வைத்தியம் தெரியும் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. அவனேதான் சொல்லிக்கொள்வான். விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிற மனுஷன். திண்டிவனம் பக்கத்துப் பிரம்மதேசத்தில் கட்டிக்கொடுத்த தங்கை கவிதா சாயங்காலம் போன் போட்டு, எட்டு மாதப் பையனுக்கு வயிற்றால் போகிறது என்றதும், கையிலிருந்த டீயைக்கூடக் கீழே வைக்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"அது மாந்தம். பால், தண்ணி எதுவும் குடுக்காத. உள்ள போனாத்தான வெளிய வரும்? வயிறு காயட்டும்."

மறுநாள் பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அதற்கென்றே பூவரசன் பட்டு வேட்டி எடுத்திருந்தான். விடிந்ததும் அதைக் கட்டிக்கொண்டு கிளம்பியவன், மடிப்பு கலைந்துவிடுமே என்று, சீட்டு காலியாக இருந்தும், திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். அப்படி ஒரு வேட்டி.

கவிதா வீட்டு வாசலில் பந்தல் இருந்தது, பேச்சுச் சத்தம் இல்லை. உள்ளே பையன் கண் குழிவிழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

"நீ சொன்ன மாதிரியே ஒண்ணும் குடுக்கலண்ணா. ராவெல்லாம் பாலுக்கு அழுதுக்கினு இருந்தான்," என்றாள் கவிதா. அவள் குறையாகச் சொல்லவில்லை. பூவரசனுக்கு அதுதான் தாங்கவில்லை. பையனை வாரி எடுத்துக்கொண்டு, கவிதாவோடு ஆட்டோ பிடித்துத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

டாக்டர் பார்த்துவிட்டுப் போனபின், நர்ஸ் கலைப்பிரியா பையனின் டயப்பரைக் கழற்றிப் பார்த்தாள். மூத்திர ஈரமே இல்லை. திரும்ப மாட்டாமல் அப்படியே விட்டாள்.

"யாரு பால நிறுத்தச் சொன்னது?"

"நான்தாங்க. மாந்தம்னு நெனச்சிக்கினு..."

"அந்தக் காலத்துப் பேருங்க அது. பேரு எதுவோ இருக்கட்டும், போற தண்ணிய உள்ள குடுத்துக்கினே இருக்கணும். நீங்க சுத்தமா அடைச்சிட்டீங்க." உப்புச் சர்க்கரைக் கரைசலையும் ஒரு ஸ்பூனையும் அவன் கையில் கொடுத்தாள். "கேக்கறப்பல்லாம் தாய்ப்பால், நடுவுல இது. மூத்திரம் போனா ஒடனே சொல்லுங்க. மதியத்துக்குள்ள போவலன்னா ட்ரிப்ஸ் ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

பூவரசன் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடிப்பாவது ஒன்றாவது. ஒரு ஸ்பூன், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பையன் துப்பினால் துடைத்துவிட்டு மறுபடியும். கவிதா பால் கொடுத்து முடித்ததும் கையை நீட்டி வாங்கிக்கொள்வான். இனி ஜென்மத்துக்கும் யாருக்கும் வைத்தியம் சொல்லமாட்டேன் என்று திருவாமாத்தூர் சாமிக்கு மனசுக்குள் வாக்குக் கொடுத்தான். மணி பத்தானது, பதினொன்றானது.

பதினொன்றரைக்குப் பையன் ஸ்பூனைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். பூவரசன் மெதுவாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே மடி சுடச்சுட நனைந்தது.

கவிதா பதறிக்கொண்டு வந்தாள். "அண்ணா, பட்டு வேட்டி."

"தொடாத. முழுசா போவட்டும்."

அசையாமல் இருந்தான். முடிந்ததும் பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வார்டு நடுவே நடந்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டேதான் போனான்.

"எவ்வளவு போனான்?" என்றாள் கலைப்பிரியா.

"கரை வரைக்கும்ங்க," என்று வேட்டியை விரித்துக் காட்டினான் பூவரசன். கண்ணைத் துடைக்க அதில் காய்ந்த முனை ஒன்றுகூட இல்லை.