நடு லென்ஸில் குங்குமம்

…இல்லை, பேட்டரி இதில்தான் அதிகம், ஆறாயிரம், அதில் வெறும் ஐயாயிரம், கடைக்காரர் அழுத்தி அழுத்திச் சொன்னாரே, ஒரு தடவை சார்ஜ் போட்டால் ரெண்டு நாள் தாங்கும் என்று, ஹாஸ்டலில் கரண்ட் போனால் அந்த ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாளாம்… ரங்கநாயகி சமையற்கட்டில் உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சாதத்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், காது மட்டும் முன்னறையில் கிடந்தது. அங்கே கட்டிலின் மேல் ரெண்டு புதுப் போன்கள், ஒரு பக்கம் மகள் ஷ்ரவ்யா, அவளை ஒட்டி உரசிக்கொண்டு ரங்கநாயகியின் தங்கை மௌனிகா. நாளைக்கு மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறாளே என்று ரங்கநாயகி ஒரு போன் வாங்கி வைத்தால், சொல்லி வைத்தாற்போல மௌனிகாவும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சரவணம்பட்டியிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக வந்து நிற்கிறாள். அக்கா, நீங்க ஏதாச்சும் வாங்கிட்டீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாய் முத்தா உதிர்ந்துவிடும்? ஐடி கம்பெனிக்காரி, கேட்க மாட்டாள்.

இதுல ஃபைவ் ஜி இருக்குதுங்களா சித்தி, இருக்குது கண்ணு, அமோலெட் டிஸ்பிளே வேற, வெயில்லகூட பளிச்சுனு தெரியும்… சூப்பருங்க சித்தி! அந்த சூப்பர் ஊசியாகக் குத்தியது. நேற்று இவள் போனைக் கொடுத்தபோது, நல்லாருக்குதும்மா, அவ்வளவுதான், சூப்பர் எங்கே போயிற்று? ஃபோர் ஜி என்றால் இளக்காரமா, நேற்றுவரை ஊரே அதில்தானே பேசியது. பெற்றது நான், பால் கொடுத்தது நான், கணபதி ஏரியாவில் பம்ப் பட்டறையில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றிச் சுற்றி விரல் காய்த்துப்போனது எனக்கு, அவள் ஏசியில் உட்கார்ந்து வாங்கி வருவாள், பிள்ளை அவள் மடியில் போய் விழும். ஐயோ, என்ன நினைப்பு இது, கூடப் பிறந்தவளைப் போய்… கூடப் பிறந்தவள் என்றால் வயிறு எரியாதா? எரிகிறது, நன்றாகவே எரிகிறது. கண்ணில் நீர் கொட்டியது, பழி வெங்காயத்துக்கு. இருக்கட்டும், கேமரா என்று ஒன்று இருக்கிறதல்லவா, இதில் நூற்றெட்டு மெகாபிக்சல், அதில் ஐம்பதுதான், பாதிகூட இல்லை, அங்கே தெரியட்டும் யாருடையது போன் என்று.

அம்மா இங்க வாங்க, உங்களப் போட்டோ எடுத்துப் பாக்கலாம் என்று ஷ்ரவ்யா கூப்பிட, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். முதலில் மௌனிகாவின் போன். முகத்தில் இருந்த கரும்புள்ளிவரை தெளிவாக விழுந்திருந்தது. அடுத்து இவளுடையது… ஒரே செக்கச்செவேலென்று புகை, அந்தப் புகைக்குள் எங்கேயோ ரங்கநாயகி. ஷ்ரவ்யா சிரித்துவிட்டாள், என்னம்மா, பேய்ப் படம் மாதிரி இருக்குது! நூற்றெட்டு என்றானே பாவி, தலையில் கட்டிவிட்டானே, தங்கை முன்னாலா இந்த மானக்கேடு… மௌனிகா சிரிக்கவில்லை. போனைத் திருப்பிப் பார்த்தாள், துப்பட்டா நுனியால் பின்பக்கத்தை மெல்லத் துடைத்தாள், நுனி சிவந்தது. "அக்கா, பொட்டு வெச்சீங்களா?" வைத்தாள்தான், பட்டறையில் புது மோட்டார் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் கரண்ட் கொடுக்க மாட்டார்கள், அந்தப் பழக்கத்தில் நேற்று சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மூன்று கண் இருக்கிறதே, நடுக்கண்ணில் வைப்போம் என்று சந்தனத்தைக் குழைத்து, அதன்மேல் குங்குமம்… "இப்ப எடு கண்ணு, உங்கம்மா போனு எப்படி எடுக்குதுன்னு பாரு," என்றாள் மௌனிகா. படம் ஜோராக வந்தது. கேலி செய்திருந்தால்கூடத் தேவலை, பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு மனசு ஆறியிருக்கும், இப்படித் துடைத்துக் கொடுத்துத் தொலைத்தாளே.

ஷ்ரவ்யா ரெண்டையும் அருகருகே வைத்தாள். "எனக்கு ஒண்ணு போதுங்கம்மா. உங்க போனு ஸ்கிரீன் ஒடஞ்சுல்ல கெடக்குது, ஒண்ண நீங்க வெச்சுக்கோங்க. மொதல்ல நீங்க எடுங்க, மிச்சம் எனக்கு." நானா… நானா எடுப்பது? கல்யாணப் புடவையைக்கூட மாமியார்தான் எடுத்தாள், இவள் கட்டிக்கொண்டாள். சரி, யோசி ரங்கநாயகி, கணக்கு லேசானது, மௌனிகாவுடையதை நீ எடுத்துக்கொண்டால் உன்னுடையது மகளோடு ஹாஸ்டலுக்குப் போகும், தினமும் அவள் காதோரம் இருப்பது நீ வாங்கியது, நீதான் ஜெயித்தாய். எடு. எடுத்தாள். தங்கை முகம் வாடும் என்று பார்த்தாள், அதுவோ மலர்ந்தது. "அக்கா, உங்களுக்கு அது புடிச்சுதுங்களா?" ரங்கநாயகி கட்டைவிரலால் திரையைத் தள்ளினாள், என்ன வழவழப்பு, என்ன பளபளப்பு, வெயிலில்கூடத் தெரியும் என்றாளே… வாசலுக்குப் போய்ப் பார்க்கலாமா? ஷ்ரவ்யா மற்றதில் சிம் போட்டு முடித்திருந்தாள், நல்ல வெயிட்டா இருக்குதுங்கம்மா என்று என்னமோ சொன்னாள், அது சரியாகக் காதில் ஏறவில்லை. காலையிலிருந்து வயிறு எரிந்தது மகளுக்காகத்தானே… மகளுக்காகத்தானா?