ஏழாம் எண் பேருந்தின் நீளம்

ஏழாம் எண் பேருந்தின் நடத்துநர், மகளுக்கு முன்பல் விழுந்த வாரத்தில் டிக்கெட் போடப் பின்பக்கம் போனார். மறுபடி அவர் முன்பக்கம் வந்து சேர்ந்தபோது அந்த மகள் வேலைக்குப் போகத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. இடையில் அவர் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை, பேருந்தைவிட்டு இறங்கவும் இல்லை. வெளியிலிருந்து பார்க்க அது மற்ற பேருந்துகளின் நீளம்தான். பணிமனையில் நாடா பிடித்து அளந்தார்கள். விரற்கடை அளவுகூடக் கூடியிருக்கவில்லை.

அது ஊர் பெருகத் தொடங்கிய காலம். முதலில் குளத்தை மூடிச் சட்டைத் தொழிலகம் கட்டினார்கள். பிறகு அதற்குப் பொத்தான் செய்யும் கூடம், அங்கே வேலை செய்பவர்களுக்கு வீடுகள், அந்த வீடுகளுக்குப் பின்னால் இன்னும் வீடுகள். பேருந்து மட்டும் ஒன்றே. பழைய சந்தையிலிருந்து தொழிலகம் வரை போய்த் திரும்பும். செலவைக் குறைக்க அதன் பின்கதவை அடைத்துப் பற்றவைத்திருந்தார்கள். நடத்துநர் ஒல்லியானவர், உடம்புக்குப் பொருந்தாத குரல். எல்லா நடத்துநர்களும் சொல்வதைத்தான் அவரும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொன்னார். "உள்ள போங்க, உள்ள காலியா இருக்கு." மற்றவர்கள் அதை வாய்ப்பழக்கத்தில் சொல்வார்கள், பயணிகளும் அதைப் பொய்யென்று எடுத்துக்கொள்வதில்லை. இவருக்கு வண்டி நகரும்போது வெளியே ஒரு முகம் நின்றுவிட்டால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. ஆகவே அவர் அதை வேண்டிக் கேட்பதுபோலச் சொன்னார். ஒரு மழைக்காலக் காலையில், ஊசி விழ இடமில்லாத வண்டியில், அவர் அப்படிச் சொன்னபோது உள்ளே இருந்தவர்கள் ஓர் அடி நகர்ந்தார்கள். இடம் இருந்தது. இன்னும் ஓர் அடி நகர்ந்தார்கள். அதற்கும் இருந்தது. நிறுத்தத்தில் நின்ற எல்லோரும் ஏறினார்கள். நல்ல கண்டக்டர் என்று பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து எத்தனை பேர் ஏறினாலும் பேருந்து நிறையவில்லை. பின்பக்கம் போனவர்கள் இறங்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே நடக்கத் தொடங்கினார்கள். தவறவிட்டவர்கள் அடுத்த சுற்றில் இறங்கினார்கள். நடத்துநருக்கு ஒரு விதி இருந்தது, ஏறிய கடைசி ஆளுக்கும் டிக்கெட் கிழித்த பிறகே முன்னால் வருவது. தொடக்கத்தில் சந்தை வருவதற்குள் வந்துவிட்டார். பிறகு மாலைக்குள் வந்தார். பொத்தான் கூடம் திறந்த பிறகு வரவில்லை. முன்னால் ஏறியவர்கள் காசைக் கைமாற்றி அனுப்பினார்கள். டிக்கெட்டும் சில்லறையும் கைமாறித் திரும்பின. ஒருபோதும் எதுவும் குறைந்ததில்லை. ஓட்டுநர் நடத்துநருடைய மனைவியின் அண்ணன். விசில் சத்தம் வந்து சேர நேரமானதால், முந்தைய நிறுத்தத்தில் ஊதிய விசிலுக்கு இந்த நிறுத்தத்தில் வண்டியை எடுக்கப் பழகிக்கொண்டார். மாற்று நடத்துநருக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை.

மனைவி சட்டைத் தொழிலகத்தில் துணி வெட்டுபவள். காலையில் டிபன் கேரியரை நிறுத்தத்தில் கொண்டுவந்து முதல் இருக்கைக்காரரிடம் கொடுப்பாள். அது தலைகளுக்கு மேலே கைமாறிப் போகும். மறுநாள் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். ஓட்டுநரிடம் அவள் தினமும் கேட்பது ஒன்றுதான்.

"மாப்ள வர்றேன்னு சொல்லி அனுப்பியிருக்காரும்மா. இன்னும் நாலு பேருக்குத்தான் டிக்கெட் போடணுமாம்."

"யாருண்ணே அந்த நாலு பேரு? நாலு வருஷமா ஏறிக்கிட்டே இருக்காங்க."

ஒருமுறை அவள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தானே உள்ளே நடந்தாள். முதலில் தெரிந்த முகங்கள். பிறகு தெரியாத முகங்கள். பிறகு இறங்குவதை ஒத்திப்போட்டு அங்கேயே இருந்துவிட்டவர்கள். முடிதிருத்துபவர் ஒருவர் ஜன்னல் கம்பியில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு பெண் ஈரத் துணிகளை மேல்கம்பியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். இன்னும் உள்ளே போகப்போக ஜன்னல்களுக்கு வெளியே ஊர் மாறியது. பின்பகுதி எல்லா இடத்துக்கும் தாமதமாகவே வந்து சேர்ந்ததால், அங்கே தெரிந்தது பழைய ஊர். வீடுகளுக்குப் பதிலாக வெற்று மனைகள், அப்புறம் வயல், பிற்பாடு வெட்டப்பட்ட மரங்கள் இன்னும் நின்றபடியே இருந்த சாலை. ஒரு ஜன்னலில் குளம் வந்தது. அதன் கரையில்தான் நடத்துநர் அவளிடம் முதன்முதலில் சரியான சில்லறை இருக்கிறதா என்று கேட்டார். அங்கே நின்றபோது வெகுதூரத்தில் அவர் குரல் கேட்டது, உள்ள போங்க என்று. அவள் கூப்பிட்டாள். இன்னும் அரைநாள் நடந்தால் எட்டிவிடலாம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்துவிடுவாள். வீடு பூட்டியிருக்கும். அவள் திரும்பி நடந்தாள்.

போக்குவரத்து அலுவலகத்துக்கும் ஒரு விதி இருந்தது. பேருந்து போன பிறகு நிறுத்தத்தில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று எண்ணுவார்கள். மிச்சம் இருந்தால்தான் புதுப் பேருந்து, புதுத் தடம், நிதி எல்லாம். எண்ணுவதற்கென்று ஒருவரை வைத்திருந்தார்கள். ஊர் அவரை மிச்சக்காரர் என்று கூப்பிட்டது. ஏழாம் எண் தடத்தில் அவர் எண்ணுவதற்கு யாரும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூட்டத்தில் எழுந்து மிச்சம் இல்லை என்று சொல்லிவிட்டு உட்காருவார். நிறையாத வண்டிக்குத் துணை வண்டி எதற்கு என்று அலுவலகத் தலைவர் கேட்பார். சுற்றிலும் புதிது புதிதாகக் குடியிருப்புகள் முளைத்தன. அத்தனைக்கும் ஒரே பேருந்து, அதுவும் காலியாக.

கேரியர் கொடுக்க வரும்போது அவள் மிச்சக்காரரின் பக்கத்தில்தான் நிற்பாள். ஒருநாள் அவரிடம் கேட்டாள், வேண்டுமென்றே நாலு பேர் ஏறாமல் நின்றால் எண்ணுவாரா என்று.

"அது ஆகாதும்மா. கண்டக்டர் வாயால எடமில்லன்னு சொல்லி, அதனால நின்னாத்தான் மிச்சம். நான் என்ன பண்றது, அவரு வாய்ல அது வரவே மாட்டேங்குது."

அன்றே அவள் பேருந்துக்குள் சொல்லி அனுப்பினாள். ஒரே ஒரு தடவை இடமில்லை என்று சொல்லட்டும், வீட்டுக்கு வர வேறு வழியில்லை. வாய்க்கு வாய் அது பின்னால் போனது, யாரும் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. சில நாள் கழித்துப் பதில் வந்தது. யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தார். அவள் அன்று முழுக்கத் துணி வெட்டினாள். யாரிடம் என்று யோசித்துப் பார்த்தாள். காய்ச்சலில் இருப்பவரிடம் சொல்ல முடியாது, குழந்தை வைத்திருப்பவளிடம் முடியாது, நேரம் தவறினால் கூலி பிடிக்கப்படும் எவரிடமும் முடியாது. அந்த மனிதர் முகம் பார்த்து மறுக்கக்கூடியவர்கள் ஊரில் யாரும் இல்லை. வீட்டில்தான் இருந்தார்கள்.

மறுநாள் அவள் கேரியர் இல்லாமல் வந்தாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, நடத்துநரின் பெண்டாட்டி ஏற வேண்டுமென்று நிற்கிறாள், இடம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். கேள்வி உள்ளே போனது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, சாய்ந்தது. பின்வரிசைகளிலிருந்து ஓர் அமைதி நகர்ந்து வருவது தெரிந்தது. பதிலைக் கையில் வாங்கிய ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி முன்னால் கொடுத்தார்கள். முதல் இருக்கையில் இருந்த பெண் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எடமில்லையாம்."

"சரி" என்று அவள் படியிலிருந்து காலை எடுத்தாள். மிச்சக்காரர் ஒரு விரலை நிமிர்த்தி எண்ணிக்கொண்டார். பின்னால் எங்கோ நடத்துநர் இரண்டு விசில் ஊதினார். அது வந்து சேரும்வரை ஓட்டுநர் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் மிச்சக்காரர் எழுந்து ஒருத்தர் என்றார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யார் என்று தலைவர் கேட்டார். நடத்துநரின் மனைவி என்று தெரிந்ததும் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தார்.

பேருந்து அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு அது வளரவில்லை. உள்ளே போனவர்களின் முதுகு அடுத்தவர்மேல் இடித்தது. நிறுத்தங்களில் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். கூலி பிடிக்கப்பட்டது. தொழிலகத்தில் வெட்டுமேசையில் அவளுக்கு இருபுறமும் இடம் காலியானது. உன் வீட்டுக்காரர் வீடு வந்து சேர எங்களை ரோட்டுல நிறுத்திட்டியே என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். அவள் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் விட்டாள். அவளும் இப்போது நடந்தேதான் வேலைக்கு வந்தாள். மிச்சக்காரருக்கு விரல்கள் போதவில்லை.

இரண்டாவது பேருந்து வந்தது. மூன்றாவதும் வந்தது. அவை சாதாரண வண்டிகள், சாதாரணமாக நிறைந்தன. இனி ரயில்தான் வேண்டும், அதற்கு இங்கே பணமில்லை என்று தலைவர் கையை விரித்தார். சுற்றியிருந்த எல்லா ஊர்களும் வீட்டு வரியோடு ஒரு சிறு தொகை சேர்த்துக் கட்டினால் முடியும், அதற்கு வாக்கெடுப்பு வேண்டும் என்றார்கள். சொந்த வண்டி வைத்திருந்தவர்கள் எங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டார்கள். முதல் வாக்கெடுப்பு தோற்றது. ரயில் வேண்டுமென்று நினைத்தவர்களில் பெரும்பாலோர் அன்று ஏழாம் எண் பேருந்தின் பின்பகுதியில் இருந்தார்கள், வாக்குச்சாவடி மூடுவதற்குள் கதவுக்கு வந்து சேர முடியவில்லை. இரண்டாவது முறை ஓட்டுநர் ஒரு யோசனை சொன்னார். வாக்குப் பெட்டியையே கேரியர்போல் உள்ளே அனுப்பினார்கள். போகும்போது ஒருவர் தூக்கிய பெட்டி, திரும்பி வரும்போது நாலு பேர் தோளில் வந்தது. வெட்டுமேசையில் அவளுக்குப் பக்கத்து இடத்தில் மறுபடி ஆள் வந்து உட்கார்ந்தது அந்த வாரத்தில்தான்.

தண்டவாளம் போட்டார்கள். முதலில் சந்தைவரை, பிறகு தொழிலகம் தாண்டி, பிறகு பெயர்கூட இன்னும் வைக்காத குடியிருப்புகள்வரை. அந்த வருடங்களில் மகள் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் ஏழாம் எண் பேருந்தில்தான் போனாள். காசைக் கைமாற்றினாள், டிக்கெட் கைமாறி வந்தது. யாருக்கென்று தெரியாமல் அப்பா கிழித்த டிக்கெட். அதை அவள் இறங்கிய பிறகும் எறியவில்லை.

ஒவ்வொரு ரயில் நிலையம் திறந்தபோதும் பேருந்து உள்ளே குட்டையானது. பின்பகுதி ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. செய்தி பரவியதும், வேலையே இல்லாதவர்கள்கூட ஏறிப் பின்னால் நடந்தார்கள். வயதான ஒருவர் தன் பழைய வீட்டு வாசல் தெரியும் ஜன்னலோரம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். இப்போது வங்கி இருக்கும் இடத்தில் மாடு மேய்வதைப் பார்த்ததாகச் சொன்னார். கடைசியாகக் குளம் போனது. முடிதிருத்துபவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு இறங்கி, நிலையத்தின் எதிரே கடை போட்டார். இப்போது விசில் ஊதிய உடனேயே முன்னால் கேட்டது. பிறகு குரல் கேட்டது. ஒரு காலை, தலைகளுக்கு நடுவே நரைத்த தலை ஒன்று தெரிந்தது.

"வாங்க மாப்ள" என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் பார்த்தபடி. "டீ குடிச்சிட்டு வருவமா?"

"இருங்க மச்சான். இன்னும் ஒருத்தருக்குப் போடணும்."

அவள் படிக்குக் கீழே கேரியருடன் நின்றிருந்தாள்.

"உள்ள வா" என்றார். "எடம் இருக்கு."

"அன்னைக்கு இல்லன்னீங்க."

அவர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். அவள் சரியான சில்லறை கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தவர் கூடத்திலிருந்து சமையலறைக்குப் பக்கவாட்டில் நடந்தார். இல்லாத மேல்கம்பியைக் கை தேடியது. மகள் துணி உலர்த்தும் கொடியை அந்த உயரத்தில் கட்டிக் கொடுத்தாள். ஓய்வு பெறும்வரை அதே தடத்தில் வேலை பார்த்தார். மாலைகளில் தவறாமல் வீடு திரும்பினார். குளம் நினைவிருக்கிறதா என்று அவள் எப்போதாவது கேட்பாள். ஜன்னலில் அது போகும்வரை தினமும் பார்த்தேனே என்பார்.

ஓய்வுக்குப் பிறகு இருவரும் ரயிலில் மகள் வீட்டுக்குப் போய் வந்தார்கள். ரயிலில் நடத்துநர் கிடையாது. கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும். ஒரு மாலை தொழிலக நிலையத்தில் வேலை விட்டுக் கூட்டம் அலைமோதியது. கைக்குழந்தையோடு ஒருத்தி கதவருகே தயங்கி நின்றாள், அடுத்ததில் போகலாம் என்பதுபோல. அவர் எழுந்தார்.

"வாயை மூடிட்டு உக்காருங்க" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அதற்குள் அவர் சொல்லிவிட்டார். உள்ளே இருந்தவர்கள் ஓர் அடி நகர்ந்தார்கள். குழந்தைக்காரி ஏறினாள், கதவு மூடியது.

அந்த ரயிலின் மூன்றாவது பெட்டியில் மற்றப் பெட்டிகளைவிட ஒரு ஜன்னல் அதிகம். அதில் எப்போதும் தண்ணீர் தெரியும். பராமரிப்புக்காரர்கள் மற்ற ஜன்னல்களோடு அதையும் துடைத்துவிட்டுப் போகிறார்கள்.