உடைமுள் வேலி

படிவத்தில் முக்கால்வாசியை ஐசக் வெள்ளிக்கிழமையே நிரப்பிவிட்டார். இடம், போடிமெட்டுச் சாலைக்குக் கீழே உள்ள பாறைக் கரடு. ஊதாப்பூச் செடிகள், நூற்றுப் பன்னிரண்டு. அழிவுக்குக் காரணம், ஆடு. திங்கட்கிழமை கோயம்புத்தூரிலிருந்து தாவர ஆய்வுக் குழு வருகிறது. செடியைக் கண்ணால் பார்த்தால் அருகிவரும் இனம் என்று எழுதிக்கொள்வார்கள், கரடு பிழைக்கும். பார்க்காவிட்டால் அது கல்குவாரிக்குப் போய்விடும். அந்த ஊதாப்பூ வேறெங்கும் இருப்பதாக யாருக்கும் தெரியாது. ஊரில் அதற்கு ஒரு பேர்கூட இல்லை.

ஏலக்காய்க் கடைக்காரர் மகன், விற்கிற செடியை விட்டுவிட்டு விற்காத செடியின் பின்னால் அலைகிறான் என்று கடைத்தெருவே சிரித்தது. கல்லூரியில் செடிப்பாடம் நடத்தும் ஐசக் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மலைப்பக்கம் புகை எழுந்தது. பங்குனி வந்தால் அடிவாரத்துக்காரர்கள் கரட்டுக்குத் தீ வைப்பார்கள். காய்ந்த புல் எரிந்தால்தான் கோடை மழைக்குத் துளிர் வரும். இந்தப் பக்கம் வைக்க வேண்டாம் என்று அவர் வீடுவீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார், அவர்களும் சரியென்றார்கள். ஆனால் மேட்டுக்காற்று யாருக்கு வாக்குக் கொடுத்தது? எஸ்டேட் ஜீப்பில் தொற்றி, இரண்டாவது வளைவில் குதித்துச் சரிவில் இறங்கி ஓடினார்.

ஆடு மேய்க்கும் கருத்தம்மாள் அவருக்கு முன்பே அங்கே நின்று ஆவாரங்கொப்பால் தீயை அடித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவளோடுதான் சண்டை. பூவை ஆடு கடித்திருந்ததைப் பார்த்து ஐசக் கொதித்துப்போய், காட்டிலாகாவில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி, செடிகளைச் சுற்றி உடைமுள்ளை வெட்டிப்போட்டு வேலி கட்டினார். அன்றைக்கு அவள் சொன்னது இவ்வளவுதான்:

"அப்பு, ஆடு நாலு பூவத் திங்கும், இல்லைங்கல. புல்லையும் சேத்துத்தான திங்குது. வேலியப் போட்டீகன்னா உள்ள புல்லு மண்டிரும்."

ஆடு வைத்திருப்பவள் வேறெப்படிப் பேசுவாள் என்று அவர் நினைத்தார். ஐப்பசி மழைக்குப் பிறகு வேலிக்குள் இடுப்பளவு புல் நின்றதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்கூட.

இப்போது அவரும் ஒரு கொப்பை ஒடித்து அடித்தார். கை தோல் உரிந்தது. தீ வேலியைத் தொட்டதுதான் தாமதம், காய்ந்த உடைமுள் படபடவென்று வெடித்துப் பற்றியது. உள்ளே புல் ஒரே மூச்சில் எரிந்தது. கிட்டே போன ஐசக்கைக் கருத்தம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வேலிக்கு வெளியே ஆடு கரம்பிய தரையில் தீக்குத் தின்ன ஒன்றுமில்லை. அது தானாக அணைந்தது.

சாம்பலில் குச்சியால் கிளறிப் பார்த்தார். மண்ணுக்குள் இருந்த செடிக்கிழங்குகூட வெந்து போயிருந்தது. நூற்றுப் பன்னிரண்டும் போய்விட்டன. முப்பத்தெட்டு வயதில் மலையடிவாரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

கருத்தம்மாள் பாறைப்பக்கம் கூப்பிட்டாள். வெளியே, குளம்படிகளுக்கு நடுவே, நுனி கடிபட்ட ஒன்பது செடிகள் நின்றன. ஒன்றில் பூ இருந்தது. ஆடு மேயும் இடத்தில் எப்படி இருக்கும் என்று அவர் இந்தப் பக்கம் எண்ணிப் பார்த்ததே இல்லை.

"இதுக போதுமா அப்பு?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றார். வேலி கதையைச் சொன்னால் குழு தன்னை நம்புமா என்பதும் தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் அவர்களும் இந்த ஒன்பதுக்கு வேலி போடச் சொல்வார்கள்.

"திங்கக்கிழமை ஆட்ட இங்கிட்டு ஓட்டிட்டு வாங்கக்கா."

"வெரட்டுனாகன்னா?"

"நான் நிக்கிறேன்."

பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பாறைமேல் விரித்தார். நூற்றுப் பன்னிரண்டை அடித்து ஒன்பது என்று எழுதினார். அழிவுக்குக் காரணம் என்ற கட்டத்தில் ஆட்டை அடித்துவிட்டு, தோல் உரிந்த கை எரிய எரிய, வேலி என்று எழுதினார். போட்டவர் பெயரையும் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.