முதலமடை வெயிலில் வைத்த ஆறு கட்டிகள்

முள் முப்பத்துநாலைத் தொட்ட பிறகுதான் அழுத்தும் இயந்திரத்தில் சோதனைக் கட்டி உடைந்தது. பாலத்துக்கு இருபத்தைந்து வந்தாலே போதும். வனிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. சிமெண்ட் ஒரு சிட்டிகைகூட இல்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் காரக் கரைசலில் பிசைந்து அவள் வார்த்த காங்கிரீட். "சாம்பல்ல பாலம் கட்டறாளாமா" என்று ஊரில், முதலமடையில், சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது வந்து பார்க்கட்டும்!

பாலக்காட்டுச் சோதனைக்கூடத்தில் நின்றபடியே மறையூருக்குப் போன் போட்டாள். அங்கே மலைச்சரிவில், ஓடைக்கு மேல், அவளுடைய முதல் சிறுபாலம் பதினாலு நாளாக முட்டுக்கம்புகளின் மேல் காத்திருந்தது. மேஸ்திரி ராக்கப்பன் எடுத்தார்.

"பாஸ் ஆயிருச்சுங்கண்ணா! முட்டுக்கம்பெல்லாம் எடுத்துருங்க."

"இந்தா, இப்பவே உருவிருதோம்மா. பத்து மணியாவுது, இன்னும் குளிரு விடல. கையெல்லாம் வெறைக்கி. வேல செஞ்சாத்தான் சூடு வரும்." வைத்துவிட்டார்.

குளிர். அந்தச் சொல் காதிலேயே நின்றது.

பாலம் வார்த்த அன்றே, சோதனைக்கூடத்துக்குப் பக்கம் என்று, அதே கலவையில் வார்த்த ஆறு சோதனைக் கட்டிகளையும் வண்டியில் ஏற்றி முதலமடைக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். தகரக் கொட்டகை, மாம்பூ கருகும் வெயில். இந்தக் கலவைக்குச் சூடு வேண்டும். சூடு கிடைத்தால் சில நாளில் கல்லாகிவிடும், குளிரில் வாரக்கணக்கில் மெத்தனமாகக் கிடக்கும். இது அவளுக்குத் தெரியாததா? பாலத்தோடு கிடந்து அதே பனியில் நனைந்திருக்க வேண்டிய கட்டிகள் அவை. முப்பத்துநாலு என்பது கொட்டகையில் இருந்த கட்டிகளின் பலம். பாலத்தின் பலம் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. படித்த முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

உடனே ராக்கப்பனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று மலையாளத்தில் ஒரு பெண்குரல். நாலாவது தடவை ராக்கப்பன் எடுத்தார்.

"அண்ணா, நிறுத்துங்க! யாரும் அடியில நிக்காதீங்க!"

"ரெண்டு வரிசை எடுத்தாச்சேம்மா. மூணாவதுல எம் பொண்டாட்டி நிக்கா." அவர் குரல் திரும்பியது. "ஏட்டி அழகுத்தாயி! கம்ப விட்டுட்டு வெளிய வாட்டி!"

ஓடிவரும் காலடி கேட்டது. "வந்துட்டா. பாஸுன்னு சொன்னீங்கள்லாம்மா?"

"அது இங்கத்த வெயில்ல இறுகுன கட்டிங்கண்ணா. உங்க பாலம் இன்னும் இறுகியிருக்காதுங்க. தப்பு என்னுதுங்க."

"நடுவுல லேசா தொங்குதும்மா. உருவுன கம்ப மறுபடி குடுத்தா நிக்கும். ஒரு ஆளு உள்ள போவணும். நான் போறேன்."

நிற்கலாம். பாலமும் நிற்கும், அவள் பெயரும் நிற்கும். வனிதா ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணத்துக்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

"வேண்டாங்கண்ணா. விழுந்தா விழட்டும்."

போனில் கம்பு முறிவது கேட்டது. அடுத்து ஓடையில் பெரிதாக ஏதோ விழுந்த சத்தம் அவள் காதை அடைத்தது.

"அண்ணா! ராக்கப்பண்ணா!" சோதனைக்கூடமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

அழகுத்தாயின் குரல் மூச்சிரைத்தபடி வந்தது. "கத்தாதீங்கம்மா. உள்ள போறேன்னு இழுத்தாரு. நான் அவரு கைய விடல, இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கேன்."