பெண்கள் பக்கத்துப் படங்கள்

கம்பத்தில் விஜயபாண்டியின் ஸ்டுடியோவைத் தேடி உத்தமபாளையத்திலிருந்துகூட முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்கள் வந்தன என்றால், அதற்குக் காரணம் விஜயபாண்டி அல்ல, அவரிடம் வேலை பார்த்த பெனாசிர். பெண்கள் பக்கத்துப் படங்களை அவளே எடுப்பாள், அவளே திருத்துவாள், ஆல்பமும் அவளே போடுவாள். "ஆம்பளைக கண்ணுல படாது மாமி, நான் பொறுப்பு" என்பாள். அதை நம்பித்தான் தாய்மார்கள் அவளை உள்ளறை வரை விட்டார்கள்.

முன்பெல்லாம் கடையில் படங்கள் பென்டிரைவில் மேசைக்கு மேசை அலைந்தன. எது யார் கையில் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பெனாசிர்தான் நச்சரித்து நச்சரித்து ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்க வைத்தாள். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் விழுவது மற்றதிலும் விழும். கடையின் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒயர் வழியாக அதைத் திறக்கலாம், ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டு. பெண்கள் பக்கத்து ஃபோல்டருக்குள் மட்டும் அவளைத் தவிர ஈ காக்காய் நுழைய முடியாது.

"எங் கடையில எனக்கே கதவைச் சாத்திட்டா பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் விஜயபாண்டி சொல்லிச் சிரிப்பார். உள்ளூர அவருக்குப் பெருமைதான்.

சும்மா இருந்தாரா மனுஷன்? வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று சுவரில் பெரிய டிவியை மாட்டிவிட்டு, அதில் கல்யாணப் படங்கள் ஓட வேண்டும் என்றார். பெனாசிர்தான் டிவியைப் பெட்டியோடு இணைத்தாள். எந்த ஃபோல்டரைக் காட்டட்டும் என்று பெட்டி கேட்டது. ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சோம்பல்பட்டு, மொத்தத்தையும் காட்டச் சொல்லிவிட்டாள். நம் ஃபோல்டருக்குத்தான் பூட்டு இருக்கிறதே என்ற தெம்பு. அந்தப் பூட்டு, பெயர் சொல்லி உள்ளே வருகிற ஆட்களுக்கு மட்டும். டிவியிடம் பெட்டி பெயரும் கேட்காது, பாஸ்வேர்டும் கேட்காது. இவ்வளவு கெட்டிக்காரிக்கு இது தெரியாமல் போயிற்று.

மறுநாள் ஜெய்த்தூன் பீவி, மகள் தஸ்லீமாவின் ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்தார். டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். முன்பக்கம் பாஸ்போர்ட் போட்டோவுக்காக ஜீப் டிரைவர்கள் இருவர் காத்திருந்தார்கள். பெனாசிர் தற்செயலாக நிமிர்ந்தாள். டிவியில் தஸ்லீமா, மருதாணிக் கைகளைத் தூக்கி, முடி அவிழ்ந்து விழ ஆடிக்கொண்டிருந்தாள்.

விஜயபாண்டியும் பார்த்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மெயின் சுவிட்சை இறக்கினார். கடை இருண்டது.

"கரண்டு போயிருச்சா?" என்றார் ஜெய்த்தூன் பீவி.

"ஆமாத்தா. இங்கன அடிக்கடி போகும்" என்றார் விஜயபாண்டி. வாயைத் திறந்துவிடாதே என்று பெனாசிரை ஒரு பார்வை பார்த்தார்.

திறக்காமல் இருந்திருக்கலாம். டிரைவர்களுக்கு அது யார் வீட்டுப் பெண் என்று தெரியாது. ஆனால் இதை விழுங்கிவிட்டு, நாளைக்கு இன்னொரு தாயிடம் எந்த முகத்தோடு 'நான் பொறுப்பு' என்பாள்?

பெனாசிர் ஜெய்த்தூன் பீவியின் காதருகே குனிந்தாள். "கரண்டு போகல மாமி. தஸ்லீமா ஆடுன படம் டிவியில வந்துருச்சு. தப்பு என்மேலதான்."

ஜெய்த்தூன் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "யாரு பாத்தாக?"

"அங்கன இருக்க ரெண்டு பேரு. அண்ணனும் பாத்துட்டாரு."

ஏசியிருந்தால்கூடத் தேவலை. ஏசவில்லை. "அவ மாமியா வீட்டுக்குத் தெரிஞ்சா எம் மக அங்கன வாழ முடியாது. எல்லாத்தையும் அழி. எங் கண்ணு முன்னால அழி."

டிவியின் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கரண்டைப் போட்டார்கள். பெனாசிர் தஸ்லீமாவின் படங்கள் இருந்த ஃபோல்டரை அழித்தாள். அழித்தவை போய்த் தங்கும் குப்பைத்தொட்டியைக் காலி செய்தாள். ஒருவேளை பெட்டியே பழுதானால் என்று தன் பையில் வைத்திருந்த தனி டிஸ்க்கையும் எடுத்து மாட்டினாள். ஒரு படம்கூடத் தொலையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்த இடங்கள்.

அந்த டிஸ்க்கில் ஒரு படத்தில் கை நின்றுவிட்டது. மகளின் முகத்தை இரு கைகளிலும் ஏந்தி, ஜெய்த்தூன் பீவி வாய்விட்டுச் சிரிக்கிறார்.

"இதுல நீங்களும் இருக்கீக மாமி. இதையாச்சும் வச்சுக்கங்க."

ஜெய்த்தூன் பீவி குனிந்து வெகுநேரம் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"நான் இப்புடிச் சிரிப்பேன்னே எனக்குத் தெரியாது புள்ள" என்றார். பிறகு, "ஒன்னு மிஞ்சுனாலும் எனக்குத் தூக்கம் வராது. அழி."

அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். பெனாசிர் அழித்தாள்.