வெங்கடம்மாள் மன்னித்த அத்தியாயம்

"அக்கா, உங்க ராகிக் காட்டுக்கு ஆனையைத் திருப்பிவிட்டவன் நாந்தான்." முனிவேல் சொல்ல வேண்டியிருந்தது இந்த ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்ல வக்கில்லாமல் மனுசன் முந்நூறு பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதினான்.

சானமாவுக் காட்டிலிருந்து இறங்கிய யானைகள் அன்று ராத்திரி அவனுடைய தக்காளியில்தான் முதலில் கால் வைத்தன. பட்டாசு கொளுத்தினான். அதில் தப்பில்லை, ஊரே செய்வதுதான். ஆனால் காட்டுப் பக்கம் விரட்டினால் மிச்சத் தக்காளியையும் மிதித்துக்கொண்டு போய்விடும் என்று கணக்குப் போட்டு, பக்கத்து வரப்பைப் பார்த்துத் திருப்பிவிட்டான். அங்கே வெங்கடம்மாளின் ராகி அறுப்புக்கு நின்றது. விடிந்து பார்த்தால் வெறும் சேறு.

"சாமி வந்து தின்னுட்டுப் போச்சு, என்னா பண்றது" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் ஆளாக ஓடிப்போய் ஆறுதல் சொன்னவன் முனிவேல்தான். அவள் மாடுகளை விற்றாள். பிறகு ஓசூரில் அவன் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியின் கேன்டீனிலேயே சப்பாத்தி தேய்க்க வந்துவிட்டாள். அந்தச் சப்பாத்தியைத் தின்றுவிட்டுத்தான் அவன் குற்ற உணர்ச்சியைப் பற்றி எழுதினான். நன்றாகவே செரித்தது.

நாவலின் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் கொட்டும் மழையில், ராகியைப் பறிகொடுத்தவளின் காலில் விழுகிறான். மழையை முனிவேல் செலவு பார்க்காமல் பெய்ய வைத்திருந்தான். அவள் அவனைத் தூக்கி நிறுத்தி, "போவட்டும் விடு" என்கிறாள். எழுதி முடித்து அவனே அழுதான். அன்றைக்கு நல்ல தூக்கம் வேறு.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை வெங்கடம்மாளிடம் கொடுத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அவளே தோண்டி எடுத்துக்கொண்டால் தான் வாயைத் திறக்க வேண்டாம் என்பது திட்டம். மகள் சுஜாதா தினமும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனான். வெங்கடம்மாள் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புத்தகத்தோடு சுஜாதா.

"வா முனிவேலு. உன் கதை முடிஞ்சிருச்சு. இவ அழுதே புட்டா."

மனசாட்சி விழித்திருக்க வேண்டிய நேரம். விழித்தது எழுத்தாளன். "எந்த இடத்துல அழுதே சுஜாதா?" என்றான், வெட்கம் கெட்டவன்.

"மழையில கால்ல உழுவறானே, அங்க. நல்லா எழுதியிருக்கீங்க மாமா."

வெங்கடம்மாள் நிமிரவில்லை. "அந்தப் பொம்பள அவனை மன்னிச்சுட்டாளாமே?"

"ஆமாக்கா. பெரிய மனசு அவளுக்கு."

"மன்னிச்சியான்னு அவளை யாரு கேட்டா?"

"அது... கதைதானேக்கா."

"கதைங்கற. அதுல வரப்புல நிக்கிற புளியமரம் எங்களுது. கொம்பில்லாத மோழை மாடு எங்களுது. ஆனைய மட்டும் நீ வெளியூர்லருந்து புடிச்சாந்தியா?"

நாவலில் இந்த இடத்தில் மழை பிடித்துக்கொள்ளும். இங்கே வெயில் சுள்ளென்று அடித்தது.

"நாந்தாங்க்கா," என்றான். "தக்காளி போயிரும்னு உங்க பக்கம் திருப்பிவிட்டேன்."

காலில் விழலாமா என்று பார்த்தான். அதைத்தான் ஏற்கெனவே எழுதித் தொலைத்தாயிற்றே, கூச்சமாக இருந்தது.

வெங்கடம்மாளின் கை நின்றது. "மாட்ட வித்த அன்னிக்கு, கயித்த அவுத்து யாவாரி கையில குடுத்ததே நீதான்," என்றாள்.

முனிவேலுக்குத் தன்னை நினைக்கவே கேவலமாக இருந்தது.

"அந்தக் கடைசிப் பாகத்தக் கிழிச்சுரு," என்றாள் அவள். "நான் இன்னும் மன்னிக்கல. மன்னிச்சா சொல்லியனுப்பறேன், அப்பறமா எழுதிக்க."

சுஜாதா புத்தகத்தை நீட்டினாள். முனிவேல் கிழித்தான். கிழிக்கும்போது கண்ணீர் வந்தது. அக்காவுக்காக வந்ததா, அந்த அத்தியாயத்துக்காக வந்ததா என்று அவனுக்கே சந்தேகம். நாவலிலேயே நன்றாக வந்திருந்தது அது ஒன்றுதான்.