வண்டிக்குள் திரும்பாத துப்பாக்கி

லியோட்டா ஸ்கார் என் கடைக் கதவைத் தள்ளிய வேகத்தில் அதில் தொங்கிய மணி அறுந்து விழுந்தது. குனிந்து அதை எடுத்தாள். ரைஃபிள் பையோடு சேர்த்து என் மேசைமேல் போட்டாள்.

"முப்பத்தேழு," என்றாள்.

கிழக்கு மொன்டானாவில் ஆடு வளர்க்கும் ஒருத்தி ஏப்ரல் மாதத்தில் ஒரு எண்ணைச் சொன்னால், அது என்ன என்று கேட்க வேண்டியதில்லை. கொயோட் நரிகள் அடித்துப்போட்ட குட்டிகள். ஊருக்கே தெரிந்த இன்னொரு எண்ணும் இருந்தது. நாற்பது. அவள் புருஷன் கார்டனுக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். இந்த வசந்தத்தில் நாற்பது குட்டி போனால் ஆடுகளை மொத்தமாக ஏலத்துக்கு ஏற்றிவிடுவது, மேய்ச்சல் நிலத்தைக் கார்டனின் அண்ணன் ஹார்லனின் மாடுகளுக்குக் குத்தகைக்கு விடுவது என்று பிப்ரவரியில் குடும்பமாக உட்கார்ந்து பேசி முடித்திருந்தார்கள். லியோட்டாவும் சம்மதித்துக் கை கொடுத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் கொடுத்த கையைத் திரும்ப வாங்குவது கிடையாது.

"உக்காருங்க லியோட்டா. காபி தரட்டுமா?"

"உன் காபிய நீயே குடி, ஆரின். இந்தத் துப்பாக்கிய வித்தது யாரு?"

"நான்தான்."

"யாருக்கு வித்த?"

"உங்களுக்கு."

"பொய் சொல்லாத. ஃபாரத்துல கையெழுத்துதான் என்னுது. நீ வித்தது ஹார்லனுக்கு."

எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது உண்மை. என் அப்பா மாட்டு ஏலத்தில் தொண்டை கிழியக் கத்தியவர், அம்மா அடகுக்கடைக்காரி. எங்கள் வீட்டில் கடைசித் துண்டு இறைச்சிக்கும் பேரம் நடக்கும். வாங்க வந்தவர் கொஞ்சம் புளுகுவார், துணைக்கு வந்தவர் மூட்டை மூட்டையாகப் புளுகுவார், ஓரமாகப் பேசாமல் நிற்கும் மூன்றாவது ஆள்தான் சாமானோடு குடித்தனம் பண்ணப்போகிறவர் என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் மார்ச் மாதத்தில் கோட்டை விட்டேன்.

அன்றைக்கு ஹார்லன் முன்னால் வந்தார். ஆயிரம் கஜத்தில் இரும்புத் தகட்டை அடிக்கும் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தவர். அதற்குக் கொடுத்த பெல்ட் கொக்கி ஒரு சின்னத் தட்டு அளவு இருக்கும், தொப்பைக்குக் கீழே அதைப் பளபளவென்று வைத்திருப்பார். லியோட்டா பின்னால் நின்றாள். நரிகள் ஜோடியாக வரும், ஒன்று விழுந்தவுடன் மற்றது ஓடும், ஒவ்வொரு தடவையும் கையால் தோட்டா ஏற்றிக்கொண்டிருக்க முடியாது, அதனால் தானாக ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள் வேண்டும் என்றாள். அதுவரை அவள் பேச்சு. அதற்குப்பிறகு எல்லாம் அவர் பேச்சு.

"குழல் இருபத்துநாலு அங்குலம். ஒரு அங்குலம் கொறஞ்சாலும் வினாடிக்கு இருபத்தஞ்சு அடி வேகம் போச்சு. குட்டைக் குழல்லாம் போலீஸ்காரனுக்கு."

கடைக்குப் பின்னால் இருக்கும் சுடுமேடைக்குப் போனோம். மணல்மூட்டைமேல் வைத்துச் சுட்டோம். அவளும் சுட்டாள், ஐந்து தோட்டாவும் ஒரு காபிக் கோப்பை மூடிக்குள் அடங்கின. இங்கே எல்லோரும் இப்படித்தான் துப்பாக்கி வாங்குவோம், அசையாத மேசைமேல் அசையாத மூட்டையை வைத்து. உள்ளே வந்து கையெழுத்துப் போடும்போது லியோட்டா ஒன்று கேட்டாள்.

"இது வண்டிக்குள்ள திரும்புமா?"

ஹார்லன் சிரித்தார். "வண்டியத் திருப்பிக்க வேண்டியதுதான்!" என்றார். நானும் சிரித்தேன். வியாபாரிச் சிரிப்பு, காசுப்பெட்டி திறக்கும்போது தானாக வருவது.

இப்போது அவள் பையைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுத்தாள். தோட்டா அறை காலி என்று எனக்குக் காட்டினாள்.

"காலையில தீவனம் எடுத்துட்டுப் போறேன். ரெண்டும் ஓடைக்கரையில நிக்குது. வண்டியப் பாத்தா அதுங்களுக்குப் பயம் கெடையாது, தெனம் பாக்குற வண்டி. கதவத் தொறந்து ஒரு கால வெளிய வச்சேன்னா பறந்துடும். அப்ப ஜன்னல் வழியாத்தான் சுடணும். துப்பாக்கி வலப்பக்க சீட்டுல சாஞ்சிருக்கு. தூக்கி எடப்பக்கம் திருப்புறேன், முனை கண்ணாடில இடிக்குது. கீழ எறக்குனா ஸ்டியரிங்ல மாட்டுது. பின்னால இழுத்தா பின்கட்டை அந்தப்பக்கக் கதவுல முட்டுது. நான் உள்ள மல்லுக்கட்டிட்டு இருக்கேன், அதுங்க நின்னு வேடிக்க பாக்குது. அப்புறமா என் கண்ணு முன்னாடியே ஒரு குட்டியத் தூக்கிட்டு மெதுவா நடந்து போச்சு. நடந்து, ஆரின்! ஓடக்கூட இல்ல!"

அவள் கை மேசையை அறைந்தது. அறுந்த மணி துள்ளிக் கீழே விழுந்தது.

அந்த நேரம் பார்த்து ஹார்லன் உள்ளே வந்தார். தினமும் பத்து மணிக்கு என் கடையில் ஓசிக் காபி குடிப்பவர்.

"என்ன லியோட்டா, வாசல் வரைக்கும் கேக்குது?"

"நல்லதாப் போச்சு, வா. உன் இருபத்துநாலு அங்குலத்தப் பத்திதான் பேச்சு."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார், பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி. "குழல்மேல என்ன தப்பு? எறங்கி, படுத்து, நிதானமாச் சுடணும். அறுநூறு எழுநூறு கஜத்துல அந்த வேகம் உனக்கு வேணும்."

"எழுநூறா? என் நெலத்துல எழுநூறு எங்க இருக்கு?"

"தூரம்னா தூரம்தானே."

"எண்பத்திரண்டு தூண்!" என்று கத்தினாள். "கேட்டுலேர்ந்து ஓடைக்கரை வரைக்கும் எண்பத்திரண்டு வேலித்தூண். நான் நட்டது. தூணுக்குத் தூண் அஞ்சரை கஜம். நானூத்தி அம்பத்தொண்ணு. அதுக்கு அந்தாண்ட மேடு, மேட்டுக்கு அந்தாண்ட வானம். வானத்துல நரி வருமா, ஹார்லன்?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. இந்தத் தடவை அடக்கிக்கொண்டேன்.

"பழக்கம் பத்தல உனக்கு," என்றார் அவர். "திருப்பத் தெரிஞ்சவனுக்கு எந்த வண்டிலயும் திரும்பும்."

லியோட்டா துப்பாக்கியை எடுத்து அவர் நெஞ்சில் சாய்த்தாள். "வா. என் வண்டி வாசல்லதான் நிக்குது. மூணு எண்ணுறதுக்குள்ள எடப்பக்க ஜன்னல் வழியா முனைய வெளிய நீட்டு. நீட்டிட்டா இன்னிக்கே ஆட்ட ஏத்திடறேன். நாப்பது வரைக்கும் காத்திருக்க வேணாம். உன் மாட்ட நாளைக்கே ஓட்டிட்டு வா."

ஹார்லன் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் புல் தெரிந்தது. பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு. ஏலக்கொட்டகையில் வளர்ந்தவனுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். வேண்டுமென்றே நீளக் குழலை அவள் தலையில் கட்டினார் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அளவுக்கு மூளை அந்தக் கொக்கிக்கு மேலே இல்லை. ஆனால் அவள் தோற்றால் யாருக்கு லாபம் என்பதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

வெளியே போனோம். நானும் ஒருமுறை அறையைத் திறந்து பார்த்தேன், காலி. ஹார்லன் தொப்பையை ஸ்டியரிங்குக்குப் பின்னால் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். துப்பாக்கி பக்கத்து சீட்டில்.

"ஒண்ணு," என்றாள் லியோட்டா.

தூக்கினார். முனை முன்கண்ணாடியில் டக்கென்று பட்டது.

"ரெண்டு."

கீழே இறக்கினார். குழல் ஸ்டியரிங்குக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டது. பிடுங்கப் பார்த்தார். துப்பாக்கிக் கட்டைக்கும் தொப்பைக்கும் நடுவில் ஹாரன் அமுங்கியது. தெரு முழுக்கக் கேட்கும்படி அலறியது, நிற்கவேயில்லை. எதிர்ச் சலூனிலிருந்து பாதி முடி வெட்டிக்கொண்ட ஆள் துண்டோடு எட்டிப் பார்த்தார்.

"மூணு," என்றாள் அவள். "நரி போயாச்சு."

அவர் சிவந்த முகத்தோடு இறங்கினார். "வண்டிக்குள்ளேர்ந்து சுடுறதுக்குப் பேரு சுடுறதே இல்ல," என்றார்.

"நான் கொக்கி ஜெயிக்க வரல. குட்டியக் காப்பாத்த வந்தேன்."

ஹார்லன் காபி குடிக்காமல் போனது அன்றைக்கு ஒருநாள்தான். லியோட்டா என் பக்கம் திரும்பினாள். கோபம் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். கோபத்துக்கு ஆள் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

"இத அறுத்துக் குடு. பதினெட்டு."

"அறுக்கக் கூடாது லியோட்டா. குண்டுக்குப் பின்னால வர்ற புகைதான் அடுத்த தோட்டாவ ஏத்துது. அதுக்கான ஓட்டைய நீளக் குழலுக்குத் தக்கபடி போட்டிருக்காங்க. முன்னாடி ஆறு அங்குலத்த வெட்டுனா ரெண்டாவது தோட்டா ஏறாம மக்கர் பண்ணும்."

"அப்ப பதினெட்டுக்குன்னே செஞ்ச குழல் குடு."

"வரவழைக்கணும். மூணு வாரம்."

"மூணு வாரத்துல எனக்கு ஆடே இருக்காது."

பதினெட்டு அங்குலக் குழல் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. அதே அளவு தோட்டாவுக்கானது. என் சொந்த ரைஃபிளில். அவள் கண் ஏற்கெனவே சுவரில் மாட்டியிருந்த அதன்மேல் போயிருந்தது.

"அன்னைக்கு நீயும் சிரிச்ச," என்றாள்.

வாழ்க்கையில் பேரம் பேசாமல் நான் தோற்ற ஒரே வியாபாரம் அது. ஒன்றரை மணி நேரத்தில் என்னுடையதைக் கழற்றி அவளுடையதில் மாட்டினேன். வேகத்தில் வினாடிக்கு நூற்றைம்பது அடி குறையும். அவளுடைய எண்பத்திரண்டாவது தூணில் குண்டு முன்னைவிட அரை அடிக்குக் கொஞ்சம் அதிகமாகத் தாழ்ந்து விழும். தூரநோக்கியைத் திருகினால் தீர்ந்தது என்று சொல்லி, திரும்பக் குறி சேர்த்துக் கொடுத்தேன். சுடுமேடைக்கு வர அவள் மறுத்துவிட்டாள். வண்டியைப் பின்பக்கம் ஓட்டிவந்து, ஜன்னல் வழியாகவே சுட்டாள். நான் மூன்று எண்ணி முடிப்பதற்குள் இரண்டு தோட்டா போயிருந்தது.

ஆறாம் நாள் தோட்டா வாங்க வந்தாள்.

"முப்பத்தெட்டு," என்றாள். "அது திங்கக்கிழமை. புதன்கிழமை ரெண்டு நரியும் விழுந்துச்சு. அறுபத்துமூணாவது தூண்கிட்ட. மொதல்ல பெட்டை. ஆண் திரும்பிப் பாத்துச்சு, அதுக்குள்ள அடுத்தது ஏறியிருந்துச்சு."

நான் கை தட்டப் போனேன்.

"தட்டாத. மார்ச்சுல இந்தத் துப்பாக்கிய எடுத்துட்டுப் போனப்ப இருபத்தாறு. முப்பத்தெட்டுல இருபத்தாறு போனா எவ்வளவு?"

"பன்னெண்டு."

"அது உன்னுது."

கணக்கு முப்பத்தெட்டிலேயே நின்றது. ஜூன் மாதம் ஆடுகள் மலைமேய்ச்சலுக்குப் போயின. ஹார்லன் தன் மாடுகளுக்கு வேறு புல் தேடினார். நான் பழைய வண்டி உடைக்கும் இடத்திலிருந்து ஒரு பிக்அப் சீட்டையும் ஸ்டியரிங்கையும் வாங்கிவந்து சுடுமேடைக்குப் பக்கத்தில் பதித்தேன். இப்போது யார் வந்து எந்த நீளம் கேட்டாலும், முதலில் அதில் உட்கார்ந்து காலித் துப்பாக்கியைத் திருப்பிக் காட்ட வேண்டும்.

லியோட்டா ஒருநாள் வந்து அதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். பாராட்டு வரப்போகிறது என்று பக்கத்தில் நின்றேன்.

"சீட்டு ரெண்டு அங்குலம் ஒசரம்," என்றாள். "வைக்கிறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டியா?"